இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

இன்வெர்ட்டர் வாங்கும்போது எத்தனை ஃபேன் ஓடும், டிவி ஓடுமா என்று கடைக்காரரைத் துளைத்து எடுப்போம். மாட்டி முடித்ததும் பேட்டரியை மாடிப்படிக்கு அடியில் தள்ளி, அதன் மேல் பழைய பேப்பர் கட்டு ஒன்றையும் வைத்துவிட்டு மறந்துபோவோம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் (குழாய் வடிவத் தகடு வைத்த) பேட்டரி, நாலைந்து வருடமாவது உழைத்திருக்க வேண்டியது, இரண்டே கால் வருடத்தில் போய்விட்டது. ஒரு மே மாத ராத்திரி கரண்ட் போய்ப் பத்து நிமிடத்தில் ஃபேன் நின்றது. மறுநாள் மெக்கானிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். ஆறு அறைகளில் இரண்டில் தகடுகள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, காய்ந்து வெளுத்துக் கிடந்தன. மாதம் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அந்தப் பணம் மிச்சமாகியிருக்கும்.

2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட மின்வெட்டு இருந்தபோது பேட்டரி தினமும் வேலை செய்தது, கோளாறு வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். இப்போது பல இடங்களில் கரண்ட் எப்போதாவதுதான் போகிறது. பேட்டரி சும்மா சார்ஜிலேயே நிற்கிறது, உள்ளே தண்ணீர் மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டே வருகிறது, யாருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் முன்பைவிட இப்போது நாமாகப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் இங்கே சொல்வது வீடுகளில் அதிகம் இருக்கிற வகைக்கு: 12 வோல்ட், ஈய-அமில பேட்டரி, மேலே ஆறு மிதவை மூடிகள், அதாவது உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மூடிகள் இருக்கும். லித்தியம், சீல் வைத்த பேட்டரி பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

அந்தப் பெட்டிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. சார்ஜ் நிறைந்துவரும் கட்டத்தில் மின்சாரம் தண்ணீரையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து வெளியே அனுப்புகிறது. அமிலம் போவதில்லை, தண்ணீர்தான் போகிறது. ஆகவே திரும்ப ஊற்ற வேண்டியதும் தண்ணீர் மட்டும்தான். "ஆசிட் குறைஞ்சிருக்கு, கொஞ்சம் ஊத்திடலாம்" என்று யாராவது சொன்னால் ஊற்ற விடாதீர்கள். "பேட்டரிக்குப் புது உயிர் தரும் பவுடர்" என்று விற்கிற எதையும் உள்ளே போடாதீர்கள்.

இதிலிருந்தே மூன்று ஆபத்துகள் வருகின்றன. முதலாவது, அந்த ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி பட்டால் வெடிக்கும். காற்றைவிட மிக லேசானது என்பதால் கூரையடியில் போய்த் தங்கும். இரண்டாவது, அமிலம். கையில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூன்றாவதைத்தான் புதியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான், ஆனால் ஒயர் மாட்டுகிற முனைகளான இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர், சில நேரம் ஆயிரத்துக்கும் மேல் அதில் பாயும். இரும்பு நொடியில் பழுக்கும், உருகிய துளி தெறிக்கும். அந்த இடத்தில் விரலில் மோதிரம் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இடம் சரியாக இருக்கிறதா

பேட்டரியைத் தொடுவதற்கு முன்னால் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பூஜை அலமாரிக்கு நேர் கீழே பேட்டரி இருந்தது. மேலே தினமும் காலையிலும் மாலையிலும் விளக்கு. அந்த அம்மாவிடம் வாயுவைப் பற்றிச் சொன்னதும் அன்றைக்கே இரண்டு பேரை வைத்து நகர்த்திவிட்டார். ஆமாம், இரண்டு பேர். இந்தப் பேட்டரி அமிலத்தோடு 55 கிலோ, சில நேரம் அதற்கு மேலும் இருக்கும், தனியாகத் தூக்கவே கூடாது. விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி, கேஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். கதவு வைத்து மூடிய அலமாரிக்குள் வைத்திருந்தால் மேலேயும் கீழேயும் காற்றுப் போக வழி வையுங்கள். நேரடி வெயில் வேண்டாம். பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கிற கணக்கு. மழைக்காலத்தில் தண்ணீர் புகும் வீடு என்றால் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்த நாளில் செய்வது

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் அல்லவா, அதையே நான் கணக்காக வைத்துக்கொள்கிறேன். அன்றைக்குக் காலையில் கரண்ட் போனதும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வழக்கமான லோடில் இன்வெர்ட்டரை ஓடவிடுங்கள். அதுவே பேட்டரிக்கு ஒரு பரீட்சை. அப்புறம் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறட்டும். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பேட்டரியைப் பாருங்கள். சார்ஜ் நிறைந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஏனென்றால் சார்ஜ் ஏற ஏற உள்ளே திரவ மட்டமும் உயரும். காலி பேட்டரியில் கழுத்துவரை ஊற்றிவிட்டால் சார்ஜ் ஆகும்போது அமிலத்தோடு பொங்கி வழியும்.

எத்தனை மணி நேரம் வர வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: 150 ஆம்பியர்-அவரை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட்-அவர். அதில் 80 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் கழித்தால் கையில் 1200 சொச்சம் நிற்கும். 75 வாட் ஃபேன் இரண்டு, நாலு எல்இடி பல்பு, ஒரு வைஃபை ரூட்டர் என்றால் 200 வாட். ஆக, புது பேட்டரி ஆறு மணி நேரம் தர வேண்டும். அதுவே மூன்று மணி நேரமாகச் சுருங்கியிருந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அல்லது ஏதோ ஓர் அறையில் கோளாறு.

கையில் என்னென்ன வேண்டும்

கண்ணாடி முக்கியம். மூக்குக்கண்ணாடி போதாது, பக்கவாட்டிலும் மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் புனல், ஆப்ப சோடா கொஞ்சம், பழைய பல்துலக்கி, ஈரத்துணி, வாசலின், எல்இடி டார்ச், மல்டிமீட்டர். பெரும்பாலும் 13 சைஸ் ஸ்பேனர் பொருந்தும். பிடிக்கிற பக்கம் முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள், கழன்று விழுந்தாலும் இரண்டு டெர்மினலையும் இணைக்காது. பக்கத்தில் ஒரு வாளி சுத்தமான தண்ணீர், குழாய் எட்டும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய பருத்தித் துணி போட்டுக்கொள்ளுங்கள். அமிலத்துளி துணியில் பட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துத் துவைத்துக் காயப்போடும்போதுதான் கைலியில் மிளகு மிளகாக ஓட்டை இருப்பது தெரியும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், இரும்புக் காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கழுத்துச் சங்கிலியும் அப்படித்தான். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள், குனிந்தால் வெளியே தொங்காதபடி உள்ளே செருகி ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள்.

இனி வேலை

முதலில் நிறுத்துவது. இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சை அணையுங்கள், அதன் பிறகு மெயின் பிளக்கை அணைத்துப் பிடுங்குங்கள். வரிசையை மாற்றினால், அதாவது பிளக்கை முதலில் பிடுங்கினால், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் தர ஆரம்பித்துவிடும். முன்பக்க ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு விடுவதும் போதாது, பல இன்வெர்ட்டர்களில் அப்போதும் சார்ஜ் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டையும் அணைத்த பிறகு ஜன்னல் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். உள்ளே தேங்கிய வாயு கலைந்து போகட்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் வரவிடாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. எலக்ட்ரீஷியன் வேறு வேலைக்கு வந்தாலும் வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். மெயினை இறக்கிவிட்டோம் என்று நம்பி அவர் கைவைக்கிற ஒயரில் இன்வெர்ட்டர் மின்சாரம் இருக்கலாம்.

அடுத்து, தொடாமல் பாருங்கள். பெட்டியின் பக்கங்கள் நேராக இருக்கின்றனவா, வயிறு முன்தள்ளியிருக்கிறதா? கீழே ஈரம், வெள்ளைக் கறை? அழுகிய முட்டை வாசம்? புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் அனல் அடிக்கிறதா? சார்ஜ் முடிந்த பேட்டரி இளஞ்சூடாக இருப்பது சாதாரணம். வைத்த கையை எடுக்கிற அளவுக்குச் சுட்டாலோ, முட்டை வாசம் வந்தாலோ, பெட்டி உப்பியிருந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். அந்த வாசம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதுவே நஞ்சு. பேட்டரி பக்கத்தில் எந்த ஸ்விட்சையும் தொடாமல், வீட்டின் மெயின் போர்டில் இணைப்பைத் துண்டித்து, காற்றோட்டம் கொடுத்து, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். புகையோ தீயோ தெரிந்தால் 101 அல்லது 112.

எல்லாம் சரி என்றால் டெர்மினலுக்கு வாருங்கள். வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் இணைப்பு சூடாகும், சார்ஜும் சரியாக ஏறாது. கழற்றும்போது கறுப்பு ஒயர், அதாவது நெகட்டிவ் முதலில், சிவப்பு அடுத்து. திரும்ப மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். கார், பைக்கில் வண்டியின் உடம்பே நெகட்டிவ் என்பதால் இந்த வரிசை உயிர் காக்கும் விஷயம். வீட்டு இன்வெர்ட்டரில் அவ்வளவு கட்டாயம் இல்லை என்றாலும் கை ஒரே பழக்கத்தில் இருப்பது நல்லது. கழற்றிய ஒயர் நுனிகளை ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியாகத் துணியில் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்து, பல்துலக்கியால் தொட்டுத் தேயுங்கள். அமிலப் பொடியில் பட்டதும் நுரைத்துக்கொண்டு கிளம்பும், நுரை அடங்கும்வரை தேய்த்தால் ஈயம் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரியும். இந்த நேரத்தில் ஆறு மூடிகளும் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் சோடா ஒரு சொட்டு உள்ளே போனாலும் அங்கே இருக்கிற அமிலத்தைக் கெடுக்கும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, ஒயரை மாட்டி இறுக்கிவிட்டு மேலே வாசலின் தடவுங்கள். முதலில் மாட்டு, அப்புறம் வாசலின், இதுதான் வரிசை. போல்ட்டைக் கையால் அசைத்தால் அசையக் கூடாது. அதற்காக முழு பலத்தையும் போட்டு முறுக்கவும் வேண்டாம், ஈயம் மெத்தென்றது, பிளந்துகொள்ளும். பேட்டரியின் மேல்பரப்பையும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், உலர்ந்த நைலான் துணியால் தேய்த்தால் நிலைமின் பொறி கிளம்பலாம்.

தண்ணீர்

பெரும்பாலான மிதவைகளில் பச்சை தெரிந்தால் போதிய தண்ணீர் இருக்கிறது, சிவப்புக்கு இறங்கிவிட்டால் ஊற்ற வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அடையாளம் கொஞ்சம் மாறும், பேட்டரி மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் படம் போட்டிருப்பார்கள். ஆனால் மிதவையை அப்படியே நம்பாதீர்கள், அது அழுக்கில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பேட்டரியில் காய்ந்துபோயிருந்த இரண்டு அறைகளில் ஒன்றின் மிதவை கடைசிவரை பச்சையைத்தான் காட்டியது. விரலால் லேசாகத் தட்டுங்கள், மேலும் கீழும் ஆடினால் உண்மை சொல்கிறது. ஆடவில்லை என்றால் மூடியைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் எட்ட இருந்து பாருங்கள். தீக்குச்சி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருபோதும் பார்க்காதீர்கள், முகத்தை நேர் மேலே நீட்டியும் பார்க்காதீர்கள்.

ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் 5 லிட்டர் கேனில் கிடைக்கிறது. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பும் இரும்பும் குளோரினும் இருக்கும், போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும், குடிப்பதற்குச் சரி, தகட்டுக்குச் சரியில்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமானதுதானே என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அது தூசியையும் உலோகத் துணுக்குகளையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர், வேண்டாம். ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர் விலைக்கும் ஒரு பேட்டரி விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால் இதில் மிச்சம் பிடிக்கத் தோன்றாது.

பிளாஸ்டிக் புனல் வைத்து, ஒவ்வோர் அறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மிதவை மேல் குறியைத் தொட்டதும் நிறுத்துங்கள். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்கிற தாராளம் இங்கே உதவாது, வழிந்தால் அமிலமும் சேர்ந்து வெளியே போகும். ஏதாவது ஓர் அறையில் தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்குகிற அளவுக்கு இப்போதே ஊற்றிவிட்டு, சார்ஜ் நிறைந்த பிறகு மீதியை ஊற்றுங்கள். மற்ற ஐந்தும் சரியாக இருக்க, ஒரே அறை மட்டும் மாதாமாதம் தண்ணீர் குடித்தால் அந்த அறையில் கோளாறு தொடங்கிவிட்டது. கத்திரி வெயில் மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மிதவையைப் பாருங்கள்.

அளந்து பார்ப்பது

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சார்ஜையும் லோடையும் துண்டித்து நாலைந்து மணி நேரம் ஆன பிறகு அளக்க வேண்டும். உடனே அளந்தால் 13 என்று காட்டி ஏமாற்றும். இணையத்தில் கிடைக்கிற அட்டவணைகளில் பல, நிறைந்த பேட்டரி 12.7 காட்ட வேண்டும் என்கின்றன. அது கார் பேட்டரிக்கானது. இன்வெர்ட்டர் டியூபுலரில் அமிலத்தின் அடர்த்தி எண் பொதுவாக 1.240 அளவில்தான் வைத்திருப்பார்கள். அதோடு 0.84 கூட்டினால் ஓர் அறையின் வோல்டேஜ் 2.08, ஆறு அறைக்கு ஏறக்குறைய 12.5. ஆகவே 12.5 காட்டினால் கவலைப்பட வேண்டாம். 12-க்குக் கீழே என்றால் வெகுவாக இறங்கிவிட்டது. இரவெல்லாம் சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஓர் அறை முழுதாகச் செத்துவிட்டது என்று அர்த்தம். சார்ஜ் ஓடும்போது 15-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டரைக் காட்ட வேண்டும், அது பேட்டரியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறது.

அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஆறு அறையையும் தனித்தனியாக அளக்கலாம். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள், ஊற்றியவுடன் அளந்தால் கலக்காத மேல் தண்ணீர்தான் வரும். ஆறும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து 1.235 காட்டி ஒன்று 1.200-ல் நின்றால் அந்த ஒன்றைக் கவனியுங்கள். உறிஞ்சிய திரவத்தை அதே அறையில் திரும்ப விடுங்கள், கருவியைக் கழுவி வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மூடிகளைப் பொருத்தி, மெயின் பிளக்கைப் போட்டு, அதன் பிறகு முன்பக்க ஸ்விட்ச். ஒரு சிறு நோட்டை அங்கேயே தொங்கவிட்டுத் தேதி, ஊற்றிய தண்ணீர், வோல்டேஜ், பேக்கப் வந்த நேரம் நாலையும் எழுதுங்கள். வாரண்டி அட்டையையும் பில்லையும் ஒரு ஃபோட்டோ எடுத்து ஃபோனில் வையுங்கள், வெப்பத்தாளில் அச்சடித்த பில் ஒரு வருடத்தில் அழிந்து வெற்றுத்தாள் ஆகிவிடும்.

அமிலம் பட்டுவிட்டால்

தோலில் பட்டால் துணியைக் களைந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து அதே போல இருபது நிமிடம் தண்ணீர் விட்டுவிட்டு, எரிச்சல் அடங்கினாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், போக வழியில்லை என்றால் 108. சோடா, எண்ணெய், மஞ்சள் எதையும் தோலிலோ கண்ணிலோ வைக்க வேண்டாம். சோடா தரையில் சிந்தியதற்கு மட்டும்: மேலே தூவி, நுரை அடங்கிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மற்ற வகைகள், பழைய பேட்டரி

கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கும் சிறிய 7 ஆம்பியர்-அவர் பேட்டரி சீல் வைத்தது, தண்ணீர் ஊற்ற வழியே இல்லை. உப்பியிருக்கிறதா என்று பார்ப்பதும், இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுவதும்தான் அதற்குப் பராமரிப்பு. லித்தியம் பேட்டரியைத் திறக்கவே கூடாது. இன்வெர்ட்டரில் பேட்டரி வகையை மாற்றும் வசதி இருந்தால் அது லித்தியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், ஈய-அமிலத்துக்கான அமைப்பில் சார்ஜ் செய்யாதீர்கள். உப்பினாலோ கீழே விழுந்து அடிபட்டாலோ மேற்கொண்டு பயன்படுத்த வேண்டாம். இரண்டு பேட்டரி வைத்த 24 வோல்ட் வீடுகளில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவதும் வேண்டாம், பழையது புதியதையும் சேர்த்து இழுத்துப்போகும்.

பேட்டரி ஆயுள் முடிந்ததும் தெருவில் வருகிற பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்கினால் அந்தத் தூசி போவது அங்கே விளையாடுகிற குழந்தைகளின் உடம்புக்குள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதற்கு எடைக்கோ ஆம்பியருக்கோ கணக்குப் போட்டு விலையில் கழித்துக்கொள்வார்கள். கொண்டுபோகும்போது சாய்க்காமல் நிமிர்த்தியே வையுங்கள், இரண்டு டெர்மினலிலும் டேப் ஒட்டிவிடுங்கள். கழித்த தொகையைப் புது பில்லிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள்.